பள்ளிப் பந்தியும் வீட்டு அடுக்களையும்: சமூகத்தை உருவாக்குவதில் எந்த நிறுவனத்தின் கை ஓங்கியது?

வைகைக்கரை எழுதியது:

அவையோர்க்கு வணக்கம். மதுரைக்குத் தெற்கே ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகளாக இடைநிலை ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். அஞ்சல் வழியில் சமூகவியல் முதுகலையும் படித்து வருகிறேன். பாடநூலில் குடும்பம், சமயம், கல்வி, பொருளாதாரம், அரசு என்று ஐந்து சமூக நிறுவனங்களும் தனித்தனிப் பாடங்களாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் பணிகளும் வரிசையாகத் தரப்பட்டிருக்கின்றன. தேர்வுக்கு அது போதும். ஆனால் நண்பகல் மணி அடித்ததும் இந்த ஐந்தும் என் பள்ளித் தாழ்வாரத்தில் ஒன்றாக வந்து நிற்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அந்த நேரத்தில் பாடநூல் எனக்கு எந்த வழியும் காட்டுவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். என் இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி சென்ற ஆண்டு முழுவதும் மற்ற பிள்ளைகளோடு அமர்ந்து சத்துணவு உண்டவள். கூட்டு வாங்க இரண்டாம் முறையும் தட்டை நீட்டுகிறவள். இந்தக் கல்வியாண்டில் வேறொரு பள்ளியிலிருந்து மாறுதல் பெற்று ஒரு சமையல் உதவியாளர் வந்தார். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். இரண்டே வாரங்களில் அந்தச் சிறுமி எவர்சில்வர் டப்பாவில் வீட்டுச் சோறு கொண்டுவரத் தொடங்கினாள். வரிசையில் உட்காராமல் படிக்கட்டின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்துகொள்கிறாள். காரணம் கேட்டேன். "அப்பத்தா அந்தச் சோத்தைத் திங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றாள். அவள் குரலில் வெறுப்பு சிறிதும் இல்லை. வாய்பாடு ஒப்பிப்பதைப்போல அவ்வளவு இயல்பாகச் சொன்னாள். அந்த இயல்புதான் என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை.

என் கேள்வி இதுதான். பள்ளி ஒரு பக்கமும் குடும்பம் மறு பக்கமும் ஒரு குழந்தையை இழுக்கும்போது எது வெல்கிறது? தமிழ்நாட்டில் பள்ளி உணவுக்கு நூறாண்டு வரலாறு உண்டு என்கிறோம். அந்த வரலாறு நம் சமூகத்தை உண்மையிலேயே மாற்றியிருக்கிறதா, அல்லது பசியைத் தீர்த்ததோடு நின்றுவிட்டதா? அனுபவமும் படிப்பும் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கரிசல் ஆசிரியர் எழுதியது:

அன்புள்ள அம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் என்ற முறையில் எழுதுகிறேன். எட்டயபுரத்திலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் என் ஊர். 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய இடம் அந்த எட்டயபுரம் என்பதில் எங்கள் பகுதியாருக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு. ஆனால் அந்தத் திட்டம் அரசாணையின் பலத்தில் மட்டும் நின்றதில்லை. அறுவடைக் காலத்தில் களத்து மேட்டிலிருந்து கம்பும் சோளமும் பள்ளிக்கென்று அளந்து தருவார்கள். விறகு ஒருவர் வீட்டிலிருந்தும் அண்டா இன்னொருவர் வீட்டிலிருந்தும் வரும். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வழியாக இந்த வழக்கத்தை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றார். செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொண்ட பின்னரும் ஊராரின் பங்கு தொடர்ந்தது.

நான் மாணவனாக உண்டது 1960-களின் நடுவில். அப்போது 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு அனுப்பிய பால்பவுடரும் மக்காச்சோள ரவையும் வந்துகொண்டிருந்தன. அந்த உப்புமாவின் மணம் இப்போதும் நினைவில் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் நினைவில் இருக்கிறது: ஊர்த் தெருப் பிள்ளைகள் புளியமரத்து நிழலிலும், காலனிப் பிள்ளைகள் சுவரோரத்து வெயிலிலும் உட்கார்ந்தோம். அப்படி உட்காருங்கள் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அப்படி உட்காராதீர்கள் என்றும் எவரும் சொன்னதில்லை. ஒரே அண்டாவிலிருந்து சோறு வந்தாலே ஒரே பந்தி ஆகிவிடாது என்பதை நான் அங்கேதான் கற்றேன். பின்னாளில் ஆசிரியனானதும் முதல் வேலையாக வருகைப் பதிவேட்டு வரிசையில் பிள்ளைகளை உட்கார வைத்தேன். முதல் மாதம் சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டில் அதைப் பற்றிப் பேசுவாரே இல்லை.

பந்தி என்பது இந்த மண்ணில் என்றுமே சிறிய விஷயமாக இருந்ததில்லை. சேரன்மாதேவி குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். வ. வே. சு. ஐயர் நாட்டுப்பற்றோடு நடத்திய நிறுவனம் அது. காங்கிரசு பணமும் அதில் இருந்தது. அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது வெளியே தெரிந்தபோது வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள்; 1925-இல் தமிழ்நாட்டு அரசியலே இரண்டுபட்டது. இரண்டு பிள்ளைகளின் இலையை எங்கே போடுவது என்ற கேள்விதான் அது என்று சிலர் இன்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்குள் ஒரு சமூகத்தின் அமைப்பு முழுவதும் இருந்தது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை வழி ஒன்றே. பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதை விதிக்காகச் செய்வதோடு விட்டுவிடாமல், ஒரு தட்டு எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள். அந்தச் சிறுமியை வரிசைக்கு வா என்று எல்லார் முன்னிலும் அழைக்காதீர்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே அவளை நிறுத்தினால் அவள்தான் நொறுங்குவாள். அப்பத்தாவை நீங்களே போய்ப் பாருங்கள்.


திண்ணைப் பேச்சு எழுதியது:

கரிசல் ஆசிரியர் ஐயா சொன்னதை வணங்கி ஏற்கிறேன். கல்லூரியில் சமூகவியல் கற்பிக்கிறவன் என்பதால் கேள்வியின் மறு பகுதிக்கு வருகிறேன்.

குடும்பமும் பள்ளியும் இருவேறு தனி உலகங்கள் என்று பாடநூல் வைப்பதுதான் முதல் சிக்கல். இவற்றின் எல்லைக் கல் நிலையாக ஓரிடத்தில் நட்டதில்லை. அதை அரசு நகர்த்தியிருக்கிறது, சில நேரம் பின்னோக்கியும் நகர்த்தியிருக்கிறது. 1953-இல் இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கலாம் என்றது அது. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்க அது ஒரு வழி என்பது அவர் தரப்பு வாதம். ஆனால் சாதியும் தொழிலும் ஒன்றாகப் பிணைந்திருந்த ஒரு நாட்டில், பிள்ளையின் நாளில் பாதியைக் குடும்பத் தொழிலுக்குத் திருப்பித் தருவது என்றால் என்ன பொருள் என்பதை மக்கள் உடனே உணர்ந்தார்கள். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதே அரசு பள்ளியில் அடுப்பு மூட்டியது. என் பார்வையில் இவை இரண்டும் ஒரே செயலின் இரு பாதிகள். முதலில் பிள்ளையின் பிற்பகலைக் குடும்பத் தொழிலிடமிருந்து மீட்டார்கள். பிறகு அந்தப் பிற்பகலில் பிள்ளை பள்ளியிலேயே தங்குவதற்கு வழி செய்தார்கள்.

உணவு இருந்தால் பிள்ளை வரும் என்பதற்குச் சான்று அதற்கும் முந்தியது. 1920-இல் சர் பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. பின்னர் அது மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-இல் 811-ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671-ஆக உயர்ந்தது. 1925-இல் ஆங்கில அரசு அந்தச் செலவுக்கு ஒப்புதல் மறுத்ததால் திட்டம் நின்றது. சேரன்மாதேவிச் சர்ச்சை உச்சத்தில் இருந்த அதே ஆண்டு அது.

உணவைச் சமைத்துப் பள்ளியில் பரிமாறுவதற்கும் தானியமாக வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் போதிய அளவு பேசுவதில்லை. 1995 ஆகத்து 15 அன்று நடுவண் அரசு நாடு தழுவிய திட்டத்தைத் தொடங்கியபோது, பல மாநிலங்கள் மாதத்துக்கு 3 கிலோ தானியத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்பின. அந்தத் தானியம் வீட்டு அடுக்களைக்குப் போனது. அங்கே யார் முதலில் உண்பது, யார் கடைசியில் உண்பது என்ற வீட்டு ஒழுங்குக்குள் அது கரைந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், சமைத்த உணவாகவே தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அரிசி என்னவோ அதே அரிசிதான். ஆனால் அது குடும்பம் என்ற நிறுவனத்தின் வழியே வந்தால் ஒரு விளைவு, பள்ளி என்ற நிறுவனத்தின் வழியே வந்தால் வேறொரு விளைவு. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது மீண்டும் உலர் பொருளாகக் கொடுத்தோம். பசி ஓரளவு தணிந்தது, பந்தி இல்லாமல் போயிற்று.

2004-இல் அதே நீதிமன்றம், சமையலர், உதவியாளர் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் பள்ளியின் புதிய உதவியாளர் அந்த அடுப்பின் முன் நிற்பதற்குப் பின்னால் இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது.

மாற்றம் உண்மையா என்று கேட்டீர்கள். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பள்ளிப் பருவத்தில் மதிய உணவு உண்ட பெண்கள் பிற்காலத்தில் பெற்ற குழந்தைகள், அந்த வாய்ப்பு இல்லாத பெண்களின் குழந்தைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருப்பதைக் காட்டியது. அந்தப் பெண்கள் கூடுதலாகப் படித்தார்கள், தாமதமாக மணந்தார்கள், மருத்துவ வசதிகளைக் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். பள்ளியில் உண்ட சோறு ஒரு தலைமுறை கடந்து குடும்பத்துக்குள் போய்ச் சேர்கிறது. ஆகவே பள்ளி வெல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருமணத்தின் பிடியைக் குடும்பம் தளர்த்தவில்லை. ஒரே வரிசையில் உண்டு வளர்ந்த இருவர் இருபது வயதில் மணந்துகொள்ள விரும்பினால் அந்த வரிசை அவர்களைக் காப்பதில்லை. கலப்பு மணத்துக்கு அரசு நிதியுதவித் திட்டம் வைத்திருக்கிறது. அதே மாநிலத்தில் அப்படி மணந்தவர்கள் கொல்லப்படவும் செய்கிறார்கள்.


புகைபோக்கி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் பந்தியில் உட்கார்ந்தவர்களின் பக்கத்திலிருந்து எழுதினீர்கள். நான் அடுப்பின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மா இருபத்தேழு ஆண்டுகள் சத்துணவு ஆயாவாக வேலை செய்தவர்.

1982 சூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவுத் திட்டத்தை முதலில் ஊர்ப்புறங்களிலும், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களிலும் தொடங்கியபோது, ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் தேவைப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களும் கைம்பெண்களும் அப்படித்தான் முதன்முறையாக மாதச் சம்பளம் என்பதைக் கையில் வாங்கினார்கள். என் அப்பா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அதுவரை நாற்று நடவும் களையெடுக்கவும் போய்க்கொண்டிருந்த அம்மாவுக்குச் சில ஆண்டுகள் கழித்து இந்த வேலை கிடைத்தது. தொகை மிகச் சிறியது. ஆனால் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் வரும். அந்த உறுதியின் மேல்தான் நாங்கள் மூவரும் படித்தோம். குடும்பத்தில் அம்மாவின் சொல்லுக்கு எடை வந்ததும் அப்போதுதான். என் அக்காவைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று மாமா சொன்னபோது, "அவ படிக்கட்டும் அண்ணே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கூலிக்குப் போன காலத்தில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். பொருளாதாரத்தைப் பற்றி இங்கே ஒருவரும் எழுதவில்லை என்பதால் இதைச் சொல்கிறேன்.

அடுப்படியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அம்மா சேர்ந்த முதல் ஆண்டில் அவர் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் அதைக் கவிழ்த்துவிட்டு வேறு தண்ணீர் பிடித்தார் உடன் வேலை செய்த சமையலர். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், அம்மாதான் சமைத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உண்டார்கள். மறுநாள் பதினைந்து பேர் தட்டு கொண்டுவரவில்லை. அம்மா வீட்டுக்கு வந்து எங்களிடம் எதுவும் சொல்லவில்லை; ஊரில் மற்றவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே பட்டியல் சாதிப் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று ஊரார் சிலர் தடுத்ததும், முதலில் அவரையே இடமாற்றம் செய்து, எதிர்ப்புக்குப் பின் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றதும் செய்தியானபோது, அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

வைகைக்கரை அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சிறுமியைப் பற்றி உறக்கம் கெட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்கறை உயர்ந்தது. அந்த உதவியாளரிடம் பேசினீர்களா? படிக்கட்டில் தனியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை ஒவ்வொரு நாளும் அடுப்படியிலிருந்து பார்க்கிறவர் அவர். அது ஏன் என்று அவருக்கு நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவையிருக்காது. ஒரு பாட்டி தன் பேத்திக்கு வீட்டுச் சோறு கொடுத்தனுப்புவதைச் சட்டத்தால் தடுக்க இயலாது. ஆனால் அதைக் காரணம் காட்டி அந்த உதவியாளரை வேறு பள்ளிக்கு மாற்றுங்கள் என்று யாரேனும் வந்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய செயல். அப்போது பள்ளி எந்தப் பக்கம் நிற்கும் என்பதை இன்றே தலைமையாசிரியரோடு பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரசைப் பற்றியும் ஒன்று. சமூகத்தை மாற்றும் பணியை இந்தப் பெண்களின் தோளில் வைத்த அரசு, அவர்களை முழுநேர அரசு ஊழியராக இன்றுவரை ஏற்கவில்லை. காலமுறை ஊதியமும் நிறைவான ஓய்வூதியமும் கேட்டு அவர்கள் எத்தனை முறை சாலையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.


தெற்குச் சாளரம் எழுதியது:

சுருக்கமாக ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தப் பந்தியில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். கரிசல் ஆசிரியர் ஐயாவின் காலத்தில் ஊர்ப் பள்ளி ஒன்றுதான். பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் அங்கேதான் வந்தாக வேண்டும். இன்று சற்று வசதி வந்ததும் முதல் செலவாக ஆங்கில வழித் தனியார் பள்ளி வேன் வாசலுக்கு வருகிறது. என் ஊரில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால், எந்தத் தெருவில் வேன் நிற்கிறது, எந்தத் தெருப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள் என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். சேர்ந்து உண்ண மறுக்கிறவர்கள் இப்போது மறுத்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கட்டணம் கட்டினால் போதும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளிலும் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொன்னது நல்லதுதான், ஆனால் அங்கே பொதுப் பந்தி கிடையாது. அவரவர் டப்பா அவரவருக்கு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் எல்லார் பிள்ளைகளும் வராத இடத்தில் எவ்வளவு நல்ல உணவு பரிமாறினாலும், பந்தி தன் வேலையைப் பாதிதான் செய்யும்.


வைகைக்கரை எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. புகைபோக்கி அம்மையாரின் கேள்வி என்னைத் தலைகுனிய வைத்தது. நான் உதவியாளரிடம் பேசியிருக்கவில்லை. மறுநாளே பேசினேன். "இதெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு டீச்சர், புள்ளைய ஒண்ணும் சொல்லிராதீங்க" என்றுதான் முதலில் சொன்னார். தலைமையாசிரியரிடமும் பேசிவிட்டேன்; மாறுதல் கேட்டு யார் வந்தாலும் எழுத்து வடிவில் வாங்கி மேலே அனுப்புவோம் என்று உறுதி சொல்லியிருக்கிறார். திங்கள்கிழமை முதல் நானும் தட்டு எடுத்துக்கொண்டு வரிசையில் அமர்கிறேன்.

சனிக்கிழமை அப்பத்தாவின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். தானும் சிறு வயதில் பள்ளியில் மக்காச்சோள உப்புமா உண்டதாகச் சொன்னார். அதைச் சமைத்தவர் யார் என்று கேட்டேன், நினைவில்லை என்றார். நெடுநேரம் பேசினோம். சோற்றைப் பற்றி அவர் மனம் இளகவில்லை. எழுந்து வரும்போது அவராகவே ஒன்று சொன்னார்: முட்டை ஓட்டோடு இருப்பதால் அதை வாங்கித் தின்னலாம், தடையில்லை என்று. தோல் உரிக்காத பழத்தை யார் கையிலிருந்தும் வாங்கலாம் என்ற பழைய கணக்கின் நீட்சி அது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அங்கேயே மறுத்துப் பேச வாய் வந்தது, பேசவில்லை. அது சரியா தவறா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

இன்று அவள் டப்பாவோடு வரிசைக்கு வந்து என் அருகில் அமர்ந்தாள். உதவியாளர் முட்டையை நீட்டினார்; கை நீட்டி வாங்கி, தரையில் தட்டி ஓட்டை உடைத்தாள். பாதி ஓடு சரியாக வரவில்லை. உதவியாளர் குனிந்து மீதியை உரித்துக் கொடுத்தார். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள். சோறு வீட்டிலிருந்துதான் வந்திருந்தது.